அத்தையின் வியாபாரத்துக்கு முதல் தேவை இணையத்தளம் அல்ல

வீட்டில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் உறவினர் ஒருவர் நம்மில் பலருக்கும் இருப்பார். இல்லாவிட்டால் பூ கட்டிக் கொடுப்பவர், மருதாணி இடுபவர், ரவிக்கை தைப்பவர். “நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறாயே, எனக்கு ஒரு வெப்சைட் செய்து கொடேன்” என்று ஒருநாள் அவர் கேட்பார். நீங்கள் படிப்பது தாதிமையாக இருந்தாலும் சரி, கைப்பேசியில் வேகமாகத் தட்டுகிறீர்கள் என்பதே அவருக்குப் போதுமான தகுதி.

உடனே தளம் அமைக்க உட்கார்ந்துவிட வேண்டாம். சென்ற தீபாவளி மாதத்தில் அத்தைக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளை அவருடன் சேர்ந்து படித்துப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு கேள்விகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். என்ன விலை, எப்போது கிடைக்கும், எங்கே வந்து எடுப்பது, எப்படிப் பணம் கட்டுவது? எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவரால் உடனே பதில் போட முடியாது. இரவு பதினொரு மணிக்கு அவர் பதில் எழுதும்போது, கேட்டவர் தேக்காவிலேயே வாங்கிக்கொண்டு போயிருப்பார். விற்பனை கைநழுவுவது இங்கேதான். எவ்வளவு அழகான தளமும் இதைச் சரிசெய்யாது.

இதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலி போதும். 2018ல் அறிமுகமான இந்தச் செயலியைப் பதிவிறக்கக் கட்டணம் இல்லை. பொருள்களைப் படத்துடனும் விலையுடனும் அடுக்கி வைக்கும் பட்டியல், கடை மூடிய நேரத்தில் தானாகப் போகும் செய்தி, அடிக்கடி எழுதும் பதில்களைச் சேமித்து ஒரு சாய்வுக்கோட்டைத் தட்டி அழைக்கும் வசதி, ‘பணம் வந்தது’, ‘அனுப்ப வேண்டும்’ என்று உரையாடல்களுக்கு ஒட்டும் வண்ண அடையாளங்கள் எல்லாம் அதில் உண்டு. ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் இதிலும் ஒருசேர வைத்திருக்க முடியாது. ஆகவே, வியாபாரத்துக்குத் தனி எண் வாங்குவது நல்லது. குடும்பக் குழுவின் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஆர்டர்கள் புதைந்து போகாது.

செயலியைவிட முக்கியம், அதில் எழுதும் பதில். “முறுக்கு இருக்கா?” என்பதற்கு “இருக்கு” என்று மட்டும் எழுதினால், கேட்டவர் இன்னும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். “இருக்கிறது. ஒரு டப்பா 12 வெள்ளி. சனிக்கிழமை மாலை 5 மணிக்குமேல் புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை வேண்டும்?” என்று எழுதினால் ஒரே செய்தியில் வேலை முடியும். இன்ஸ்டகிராமில் விலையைப் போடாமல் “பிஎம் செய்யுங்கள்” என்று எழுதும் பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. விலை கேட்கக் கூச்சப்படும் வாடிக்கையாளர் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவார். விலைப் பட்டியலை ‘ஸ்டோரி’யில் மட்டும் போட்டாலும் 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடும். அதை ‘ஹைலைட்’டில் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது கூகல் பிசினஸ் புரொஃபைல். இதற்கும் கட்டணம் இல்லை. வாடிக்கையாளர்கள் வீட்டுக்கு வருவதில்லை என்றால், வீட்டு முகவரியை மறைத்து, விநியோகம் செய்யும் வட்டாரங்களை மட்டும் காட்டலாம். மறைக்கவும் வேண்டும்.

பணத்துக்கு பேநவ் இருக்கிறது. 2017 முதல் புழக்கத்தில் இருப்பதால் அத்தைக்கே அது பழகியிருக்கும். ஆனால், வாடிக்கையாளர் அனுப்பும் ‘பணம் அனுப்பிவிட்டேன்’ என்ற திரைப்படத்தை நம்பிப் பொருளைக் கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட படத்தைப் போலியாகச் செய்வது எளிது. வங்கிச் செயலியில் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே டப்பா கை மாற வேண்டும்.

வாங்கிய எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடும் ஆசையும் வரும். சேர்த்தால் ஒருவருடைய எண் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும். ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் அந்தச் சிக்கல் இல்லை. அத்தையின் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அதில் அனுப்பும் செய்தி போய்ச் சேரும். விளம்பரம் வேண்டாம் என்பவர்களுக்காக 2014 ஜனவரியிலிருந்து ‘அழைக்க வேண்டாம்’ பதிவேடும் இங்கு நடப்பில் இருக்கிறது. தொலைபேசி எண்ணுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் விளம்பரங்களுக்கும் அது பொருந்தும். ஆகவே, “அடுத்த முறை தகவல் அனுப்பலாமா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, இளையர்கள் அதிகம் யோசிக்காத ஒன்று: இந்தக் கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன? அவசரத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துத் தொடங்கிவிடுவீர்கள். பிறகு தேசிய சேவைக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ போய்விடுவீர்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கணக்கு முடங்கினால், மீட்புக் குறியீடு உங்கள் கைப்பேசிக்கு வரும். அத்தை என்ன செய்வார்?

ஆகவே, சிம் அட்டை, மின்னஞ்சல், கூகல் கணக்கு எல்லாம் அத்தையின் பெயரிலேயே இருக்கட்டும். கூகல் பக்கத்தில் அவர் உரிமையாளர், நீங்கள் நிர்வாகி. வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க இரண்டாம் கட்டக் குறியீட்டை அவரே தேர்ந்தெடுத்து, வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். கைப்பேசிக்கு வரும் குறியீட்டை யார் கேட்டாலும், உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், கொடுக்கக் கூடாது என்றும் சொல்லி வையுங்கள்.

ஜூன் விடுமுறையில் தொடங்கினால் தீபாவளிக்குள் பழகிக்கொள்ள நேரம் இருக்கும். முதல் ஐந்து ஆர்டர்களுக்கு அத்தையே பதில் எழுதட்டும். நீங்கள் கைப்பேசியைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் அவர் தடுமாறுகிறாரோ, அந்தப் பதிலை அன்றே மாற்றி எழுதிவிடலாம்.