பிள்ளை வெளிநாடு போகிறாரா? விமானம் ஏறும் முன் பேச வேண்டியவை

பினாங்கு, பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் அடிக்கடி பார்க்கும் காட்சிதான். பெட்டி நிறைய மசாலா தூளும் ஊறுகாயும். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று பத்தாவது தடவையாகச் சொல்லும் அம்மா. அந்த முதல் அழைப்பு எப்படியும் வந்துவிடும். அழைப்புகள் குறைவது இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான்.

பல வீடுகளில் அதற்குக் காரணம் பாசம் குறைந்தது அல்ல, கடிகாரம். நீங்கள் வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு இரவு 9 மணிக்கு அழைத்தால், குளிர்கால லண்டனில் அப்போது மதியம் 1 மணி. பிள்ளை வகுப்பில் இருப்பார். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவார்கள். 8 மணி நேர வித்தியாசம் 7 ஆகும். அக்டோபர் கடைசி ஞாயிறு மறுபடியும் 8. மெல்பர்ன் என்றால் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நம்மைவிட 3 மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் 2. மலேசியாவில் இந்த மாற்றமே கிடையாது என்பதால் நமக்கு இது மறந்துபோகும். ஞாயிறு மாலை 6 மணி என்று ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். லண்டனில் அது காலை 10 அல்லது 11, விடுமுறை நாள்.

சீனாவுக்குப் போகிறவர் என்றால் புலனத்தை நம்ப வேண்டாம், அங்கே அது முடக்கப்பட்டிருக்கிறது. வீசாட் செயலியைப் பாட்டிக்கும் இப்போதே பழக்கிவிடுங்கள். மலேசிய சிம் கார்டையும் காலாவதியாக விடாதீர்கள். புலனம் அந்த எண்ணில் இருந்தால், கைப்பேசி மாற்றும்போது சரிபார்ப்புக் குறியீடும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

தொடர்பைத் துண்டிக்கச் சொல்லும் மோசடி

2020-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காவல்துறை, சீன மாணவர்களைக் குறிவைத்த 'போலிக் கடத்தல்' பற்றி எச்சரித்தது. தூதரக அதிகாரி, போலீஸ் என்று சொல்லிக்கொண்டு மாணவரை அழைப்பார்கள். "நீ ஒரு குற்ற வழக்கில் சிக்கியிருக்கிறாய், வீட்டில் சொல்லாதே, தனியாக அறை எடுத்துத் தங்கு" என்பார்கள். மாணவர் கட்டப்பட்டிருப்பதுபோல் அவரையே படம் எடுக்க வைத்து, அதைப் பெற்றோருக்கு அனுப்பிப் பணம் கேட்பார்கள். நம்ம ஊர் மக்காவ் ஸ்கேமும் இதே பயத்தை வைத்துத்தான் நடக்கிறது. பிள்ளை போனை எடுக்காத அந்தச் சில மணி நேரம்தான் அவர்களுக்குத் தேவை.

எனவே பிள்ளையின் எண் ஒன்று மட்டும் உங்களிடம் இருந்தால் போதாது. அறைத்தோழர் ஒருவரின் எண், பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் எண், அந்த நாட்டு மலேசியத் தூதரகத்தின் எண், மூன்றையும் காகிதத்தில் எழுதி வையுங்கள். மிரட்டல் வந்தால் அழைப்பை வைத்துவிட்டு, இந்த எண்களுக்கு நீங்களே அழையுங்கள். பணம் அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே வங்கிக்கும், தேசிய மோசடி மறுமொழி மையத்தின் 997 எண்ணுக்கும் சொல்லுங்கள்.

குரலையே போலியாகச் செய்கிற காலம் இது. குடும்பத்துக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்புக்கில் போட்ட பழைய நாய்க்குட்டியின் பெயர் வேண்டாம். அதைப் புலனத்தில் எழுதி அனுப்பவும் வேண்டாம். விமான நிலையம் போகும் வழியில், காரிலேயே பேசி முடிவு செய்துவிடலாம்.