உஷார்! ஏஜென்ட் போடும் கையெழுத்து உங்கள் கையெழுத்து

வெளிநாட்டில் மெஷினுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்களா? புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம், திருபுவனை என்று எந்தப் பேட்டையில் ஷெட் போட்டிருந்தாலும் சரி, இதை இன்றே படித்துவிடுங்கள். கப்பல் சென்னையை நெருங்கும்போது உங்கள் வாட்ஸாப்புக்கு ஒரு பிடிஎஃப் வரும். பெரும்பாலும் ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் வரும். "சார், செக்லிஸ்ட். பாத்துட்டு ஓகே சொல்லுங்க, இப்பவே ஃபைல் பண்ணணும்" என்று கூடவே ஒரு வரி இருக்கும். நாள் முழுக்க ஷெட்டில் நின்ற களைப்பில், திறந்துகூடப் பார்க்காமல் "ஓகே" என்று தட்டிவிடுவீர்கள்.

நானும் அப்படித்தான் தட்டினேன். அந்த இரண்டெழுத்துக்கு நான் கொடுத்த விலை, என் அச்சகத்தின் ஒரு வருட லாபம்.

நான் வாங்கியது ஜப்பானில் ஓடிய ஒரு பழைய ஆஃப்செட் மெஷின். விற்றவர் அனுப்பிய இன்வாய்ஸில் 'பயன்படுத்தியது' என்று தெளிவாகவே போட்டிருந்தார். ஏஜென்ட் தயாரித்த செக்லிஸ்ட்டில் அந்த ஒரு சொல்லைக் காணோம். பழைய மெஷினுக்கு இன்ஜினீயர் சான்று வேண்டும் என்று அவர் சொல்லவும் இல்லை, எனக்குத் தெரியவும் இல்லை. சிஎஃப்எஸ் என்னும் கண்டெய்னர் கிடங்கில் சுங்க அதிகாரிகள் பெட்டியைத் திறந்தார்கள். மெஷினின் பக்கவாட்டில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில், உள்ளங்கை அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு. துணியால் துடைத்ததும் தயாரிப்பு ஆண்டு பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பிறகு 23 நாள் அது அங்கேயே நின்றது. மதிப்பை உயர்த்தினார்கள். கூடுதல் டியூட்டி, அபராதம், சிஎஃப்எஸ் வாடகை, கப்பல் கம்பெனிக்கு டாலர் கணக்கில் கண்டெய்னர் டிடென்ஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

நோட்டீஸ் என் பேருக்கு வந்தது. அதில் என் தரகர் என்று ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். நான் பேசியது, பணம் கொடுத்தது, வெறும் லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது எல்லாம் வேறொருவரிடம். அவரிடம் லைசென்ஸே இல்லை. யாருடைய லைசென்ஸிலோ என் சரக்கை ஃபைல் செய்திருந்தார். போன் செய்தேன். "அண்ணே, நீங்கதானே ஓகே சொன்னீங்க" என்றார்.

சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 147ஆவது பிரிவைப் பாருங்கள். நீங்கள் அதிகாரம் கொடுத்த ஏஜென்ட் செய்யும் எந்தக் காரியமும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, உங்களுக்குத் தெரிந்து உங்கள் சம்மதத்தோடு நடந்ததாகவே கொள்ளப்படும். நிரூபிக்க வேண்டிய பாரம் நம் தலையில். 2011இலிருந்து சுய மதிப்பீடு என்ற முறை வேறு வந்துவிட்டது. என்ன சரக்கு, என்ன கோடு, என்ன மதிப்பு, எவ்வளவு வரி என்று இறக்குமதி செய்பவரே சொல்லி, அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். வரி குறைந்திருந்தால் சாதாரணமாக 2 ஆண்டுக்குள் கேட்பார்கள். வேண்டுமென்றே மறைத்ததாகக் கருதினால் 5 ஆண்டு வரை பின்னோக்கி வரலாம். வரி, 15 சதவீத வட்டி, அதோடு வரிக்குச் சமமான அபராதம். மெஷின் ஓடித் தேய்ந்து, கடன் கட்டி முடிக்கும் நேரத்தில் கவர் வந்து நிற்கும்.

தரகருக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2018ஆம் ஆண்டு சுங்கத் தரகர் உரிம விதிகளின்படி லைசென்ஸை நிறுத்தலாம், ரத்து செய்யலாம். பொய் ஆவணம் கொடுத்தது நிரூபணமானால் சுங்கச் சட்டப்படியும் தண்டனை உண்டு. ஆனால் அந்த உரிம விதிகளில் அவருக்குப் போடக்கூடிய அபராதத்தின் உச்சம் 50,000 ரூபாய். உங்களுக்கு வரும் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதே விதிகள் நமக்கு உதவியாகவும் இருக்கின்றன. லைசென்ஸை விற்கவோ கைமாற்றவோ கூடாது. ஒவ்வொரு இறக்குமதியாளரிடமும் தரகர் எழுத்தில் அதிகாரம் வாங்க வேண்டும். உங்கள் ஐஇசி (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு) எண், ஜிஎஸ்டி எண், முகவரி எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். வரிக்காக வாங்கிய பணத்தைத் தாமதமின்றி அரசுக்குக் கட்டிவிட்டு, மீதிக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் அவருடைய கடமை, உங்களுக்குச் செய்யும் சலுகை இல்லை. சுங்கத்துறையும் இறக்குமதியாளரும் தரகர்மேல் வைக்கும் நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பதை 2016இல் கே.எம். கனத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றமே அழுத்திச் சொல்லியிருக்கிறது.

ஆகவே முதல் போனிலேயே கேளுங்கள்: "லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு? உங்க கையில என்ன கார்டு?" தேர்வு எழுதித் தேறியவரிடம் எஃப் கார்டு இருக்கும். அவரிடம் வேலை செய்பவர்களுக்கு ஜி கார்டு, ஹெச் கார்டு. சென்னையில் தம்புச்செட்டித் தெருவிலும் லிங்கிச்செட்டித் தெருவிலும் பரம்பரையாக இந்தத் தொழில் செய்யும் நேர்மையான ஆட்கள் நிறைய உண்டு. இந்தக் கேள்விக்கு அவர்கள் கோபப்பட மாட்டார்கள், கார்டின் நகலை அனுப்பிவிடுவார்கள். 2013இலேயே சட்டத்தில் பெயர் சுங்கத் தரகர் என்று மாறிவிட்டாலும் ஊரில் இன்னும் சிஹெச்ஏ என்றுதான் சொல்கிறோம். எந்தப் பெயரில் அழைத்தாலும், கார்டு இல்லாதவரிடம் உங்கள் லெட்டர்ஹெட்டைக் கொடுக்காதீர்கள். வெறும் தாளில் கையெழுத்து கூடவே கூடாது. அதிகாரக் கடிதத்தில் தரகரின் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் எந்தச் சரக்குக்கு என்பதையும் நீங்களே எழுதுங்கள்.

"சென்னை கஸ்டம்ஸ்ல நமக்கு ஆள் இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். முகமறியா மதிப்பீடு என்ற முறை 2020 ஜூன் 8இல் முதலில் தொடங்கியதே சென்னையிலும் பெங்களூருவிலும்தான். அதுவும் சுங்கக் கட்டண அட்டவணையின் 84, 85ஆவது அத்தியாயச் சரக்குகளுக்கு, அதாவது நாம் கொண்டுவரும் மெஷின்களுக்குத்தான். உங்கள் பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதி அறிவிப்பைப் பார்க்கும் அதிகாரி நாட்டின் வேறொரு மூலையில் உட்கார்ந்திருக்கலாம். ராஜாஜி சாலையில் யாரைத் தெரிந்திருந்து என்ன பயன்? எங்கள் ஊரில் பெரியவர்கள் 1949க்குப் பிறகு பிரெஞ்சு எல்லையைச் சுற்றிப் போட்டிருந்த சுங்கச் சோதனைச் சாவடிக் கதைகளை இன்னும் சொல்வார்கள். கடற்கரைச் சாலையில் சுங்க மாளிகை இன்றும் கண்முன் நிற்கிறது. அதனால்தானோ என்னவோ, சுங்கம் என்றால் ஆள் பார்த்துப் பேசி முடிக்கிற விஷயம் என்ற எண்ணம் நமக்குள் இன்னும் போகவில்லை. இப்போது எல்லாம் நீங்கள் ஒப்புக்கொண்ட அந்தத் தாளில் இருக்கிறது.

அந்தத் தாளுக்கே வருகிறேன். செக்லிஸ்ட் என்பது ஃபைல் ஆகப்போகும் பில் ஆஃப் என்ட்ரியின் முன்வரைவு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றையும் மேசையில் பரப்பிவைத்து, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மெஷினின் பெயர், மாடல், சீரியல் எண், புதியதா பழையதா, எந்த நாட்டில் செய்தது. பழைய மெஷினாக இருந்தால் கப்பல் ஏறும் முன்பே, அந்த நாட்டிலேயே, அங்கீகாரம் பெற்ற அமைப்பிடம் பரிசோதனை அறிக்கை வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இங்கே சுங்கத்துறையின் பட்டியலில் உள்ள சார்ட்டர்டு இன்ஜினீயர் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் வந்த சுற்றறிக்கை சொல்வது இது. எனக்கு அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால்!

மதிப்பில் விளையாடவே விளையாடாதீர்கள். "இன்வாய்ஸ் எவ்வளவுக்குப் போடணும்?" என்று விற்பவரே கேட்பார். வங்கியில் அனுப்பிய தொகை ஒன்று, இன்வாய்ஸில் வேறொன்று என்றால் சிக்கல் நிச்சயம். முன்பணம் தனியாக அனுப்பியிருந்தால் அதுவும் மதிப்பில் சேர வேண்டும். கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரக்கை வகைப்படுத்தும் ஹெச்எஸ் கோடுதான் பெரிய பள்ளம். பிளாஸ்டிக் தொழிலில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். சீனாவிலும் தைவானிலும் இருந்து வரும் பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின்களுக்கு 2025 ஜூனில் 5 ஆண்டுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டிருக்கிறார்கள். "பார்ட்ஸ் பார்ட்ஸா கொண்டுவந்தா தப்பிச்சுடலாம் சார்" என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள். கழற்றி வந்தாலும், முழு மெஷினின் தன்மை அதில் இருந்தால் முழு மெஷினாகத்தான் வகைப்படுத்துவார்கள். ஜப்பான், கொரியா, ஆசியான் ஒப்பந்தங்களில் வரிச் சலுகை கேட்டாலும் கவனம் வேண்டும். பிறப்பிடச் சான்று கையில் இருந்தால் மட்டும் போதாது. அந்த நாட்டில்தான் செய்தது என்பதற்கான விவரங்களை நீங்களே திரட்டி, 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 செப்டம்பர் 21 முதல் விதி இருக்கிறது. ஏஜென்ட் அதற்குப் பொறுப்பில்லை. மெஷின்களின் பாதுகாப்புத் தரத்துக்கு 2024 ஆகஸ்டில் ஓர் ஆணை வந்தது, பிறகு அமலாகும் தேதி தள்ளிப்போனது. உங்கள் மெஷினுக்கு இன்றைய நிலை என்ன என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே தரகரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

டியூட்டிப் பணம். இது மிக முக்கியம். எந்தக் காரணத்துக்காகவும் ஏஜென்டின் கணக்குக்கு அனுப்பாதீர்கள். வாங்கிய தொகை ஒன்று, கட்டிய தொகை ஒன்று, காட்டும் சலான் மூன்றாவது ஒன்று என்று ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கப்பல் கூலி எல்லாம் சேர்த்து மெஷின் மதிப்பு 40 லட்சம் என்று வையுங்கள். அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம் என்றால் 3,00,000. அதில் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி 30,000. மொத்தம் 43,30,000க்கு 18 சதவீத ஐஜிஎஸ்டி 7,79,400. ஆக 11,09,400 ரூபாய். உங்கள் மெஷினுக்கு உரிய விகிதத்தைப் போட்டு நீங்களே ஒரு தாளில் எழுதிவையுங்கள். சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே நேராகக் கட்டலாம். பில் ஆஃப் என்ட்ரி எண்ணும் தேதியும் இருந்தால் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அதே தளத்தில் நீங்களே பார்க்கலாம். "அவுட் ஆஃப் சார்ஜ் ஆயிடுச்சு, லாரி கிளம்பிடுச்சு" என்பதை வாய்வார்த்தையாக நம்ப வேண்டியதில்லை.

நாள் தப்பினால் பணம் கரையும். கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி ஃபைல் ஆகியிருக்க வேண்டும். தப்பினால் முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு 5,000, அதன்பின் நாளொன்றுக்கு 10,000. 10 நாள் தாமதம் என்றால் 85,000 ரூபாய். தக்க காரணம் காட்டினால்தான் அதிகாரி தள்ளுபடி செய்வார். ஐஇசியை ஆண்டுதோறும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் புதுப்பிக்காவிட்டால் அது செயலிழந்துவிடும். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதுதான் இது பலருக்குத் தெரிகிறது. மரப்பெட்டியைக்கூட விட்டுவிடாதீர்கள். பலகையில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கிறதா என்று ஏற்றும் முன்பே போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். முத்திரை இல்லாத பலகைக்காகப் பல லட்ச ரூபாய் மெஷின் தாவர நோய்த்தடுப்புச் சோதனைக்காகக் காத்து நிற்கும். உங்கள் ஐஇசியில் வேறு யாருக்கும் ஒரு பெட்டிகூடக் கொண்டுவர இடம் கொடுக்காதீர்கள், சொந்த மச்சானாக இருந்தாலும் சரி. பெட்டிக்குள் என்ன இருந்தாலும் அது உங்கள் சரக்கு.

போன வாரம் சேதராப்பட்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, செக்லிஸ்ட் வந்திருக்கு, ஓகே குடுத்துடவா?" அனுப்பச் சொன்னேன். ராத்திரி பதினோரு மணிவரை இருவரும் இன்வாய்ஸோடு வைத்துப் பார்த்தோம். இரண்டாவது பக்கத்தில் சீரியல் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. மெஷினோடு வரும் இரண்டு அச்சுகள் விவரத்திலேயே இல்லை. காலையில் தரகருக்கு இரண்டையும் எழுதி அனுப்பினார். திருத்திய செக்லிஸ்ட் மதியம் வந்தது. இப்போது அதையும் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். கப்பல் வர இன்னும் 4 நாள் இருக்கிறது.