புளியமரத்தடியில் பதினொரு ஆடுகள்

எங்கள் பெரியப்பாவின் ஆடுகள் பதினொன்றும் ஒரே நொடியில் செத்தன. சித்திரை மாதம், மாலை நாலு மணி இருக்கும். தூறல் விழுந்ததும் புளியமரத்தடியில் போய் ஒண்டி நின்றவை. "இடி விழுந்துருச்சுப்பா" என்று பெரியம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இருட்டுவதற்குள் குழி வெட்டிப் புதைத்தார்கள். யாரும் ஒரு போட்டோ எடுக்கவில்லை, கால்நடை மருத்துவரைக் கூப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்து நிவாரணம் கேட்டுப் போனபோது, "செத்ததுக்கு அத்தாட்சி என்ன?" என்று கேட்டார்கள். கொடுக்க எதுவும் இல்லை.

விழுந்தது இடி அல்ல, மின்னல். இடி அதன் ஓசை மட்டுமே. அந்த மின்னல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், தப்பிக்கும் வழியும் புரியும்.

அதற்குக் காற்றிலிருந்து தொடங்க வேண்டும். நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றுக்கு எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோ காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. அதுதான் வளிமண்டல அழுத்தம்; சராசரியாக 1013 ஹெக்டோபாஸ்கல். காற்றைப் பூமியோடு இழுத்து வைத்திருப்பது புவியீர்ப்பு. கோடை வெயிலில் தரை காய்ந்து, அதை ஒட்டிய காற்று சூடேறி லேசாகி மேலெழும்புகிறது. தரையில் அழுத்தம் குறைய, சுற்றுப்புறத்து ஈரக்காற்று உள்ளே புகுகிறது. மேலே போகப்போக அழுத்தம் குறைவதால் அந்தக் காற்று விரிந்து குளிர்கிறது, ஈரம் மேகமாகிறது. காலையில் பளிச்சென்று இருந்த வானத்தில் மதியத்துக்குப் பிறகு பத்துக் கிலோமீட்டருக்கும் உயரமான கருமேகம் நிற்பது இப்படித்தான்.

அதன் உள்ளே பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. லேசான துகள்கள் நேர் மின்னூட்டத்தோடு உச்சிக்கும், கனமானவை எதிர் மின்னூட்டத்தோடு அடிப்பகுதிக்கும் பிரிகின்றன. தெளிந்த நாளிலேயே தரைக்கு அருகில் மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் வித்தியாசம் உண்டு. இடிமேகத்தின் கீழே அது ஆயிரக்கணக்கில் ஏறும். காற்றால் தாங்க முடியாதபோது மின்னல் பாய்கிறது. சுமார் 30,000 ஆம்பியர். அது போகும் பாதை சூரியனின் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு சூடாகிறது. அந்தச் சூட்டில் காற்று வெடித்து விரிவதைத்தான் இடியாகக் கேட்கிறோம்.

இடி கேட்டால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பிள்ளைகளுக்கு எண்ணவும் சொல்லிக்கொடுங்கள். மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும்வரை மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் மேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் உங்கள் வயலில் இறங்கலாம். உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. தலைமயிர் சிலிர்த்து நின்றால் எண்ணவும் நேரமில்லை.

மரத்தடிதான் மிக மோசமான இடம். மரத்தில் இறங்கும் மின்சாரம் வேர் வழியாகத் தரையில் பரவும்போது, அகட்டி வைத்த இரு கால்களுக்கு இடையே மின்னழுத்த வித்தியாசம் உண்டாகிறது. ஒரு கால் வழியே ஏறி மறுகால் வழியே இறங்குகிறது. ஆடு மாடுகளின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால்தான் மந்தையாகச் சாகின்றன. தகரக் கொட்டகை, திறந்த டிராக்டர், கிணற்றடி எதுவும் பாதுகாப்பில்லை. கண்ணாடி ஏற்றிய காரோ பஸ்ஸோ பரவாயில்லை. 2025 அக்டோபரில் கடலூர் மாவட்டத்தில் மக்காச்சோளக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் ஒரே மின்னலில் இறந்தார்கள். வானம் இருட்டியதும் வேலையை நிறுத்தச் சொல்வது காட்டுக்காரரின் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன். அந்த நேரத்துக்குக் கூலியைப் பிடிக்கவும் கூடாது. புணேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, 20 முதல் 40 கிலோமீட்டர் தொலைவுக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். ஊரில் நாலு பேர் போனிலாவது அது இருக்கட்டும்.

ஒருவர் விழுந்துவிட்டால் தொடத் தயங்காதீர்கள். அவர் உடம்பில் கரண்ட் இருக்காது. மூச்சும் நாடியும் நின்றிருந்தால், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். மின்னல் தாக்கியவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். இறந்துவிட்டதாகத் தெரிபவருக்கும் இதயம் மட்டும் நின்றுபோயிருக்கலாம்.

இறந்துவிட்டால் குடும்பம் செய்கிற தவறு, உடலை அறுக்க மனமில்லாமல் அன்றே அடக்கம் செய்வது. அந்த மனசு புரிகிறது. ஆனால் காவல் நிலையப் புகாரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல், மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து கிடைக்கும் 4 லட்சம் ரூபாயைக் கேட்டு நிற்க முடியாது. வாரிசுச் சான்றிதழோடு வி.ஏ.ஓ. வழியாகத் தாசில்தாருக்கு மனு கொடுக்க வேண்டும். இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு இருந்தால் தனியாக 2 லட்சம் உண்டு. பாஸ்புக்கைப் புரட்டிப் பாருங்கள்.

கால்நடைக்கும் வழி இருக்கிறது. புதைக்குமுன் போட்டோ, கால்நடை மருத்துவரின் சான்று, வி.ஏ.ஓ.வுக்குத் தகவல். கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. இன்றைய கணக்கில் பெரியப்பாவுக்கு 44,000 ரூபாய் வந்திருக்கும். பெரியம்மாவின் தோட்டை அடகு வைத்துத்தான் மறுபடி மூன்று குட்டி வாங்கினார்.