கங்கையிலே துடுப்புப் போடலாமா?

கேன்டீனில் டீ ஆறுவதற்குள் முடிவாகிவிடுகிற விஷயம் இது. 'மச்சி, ரிஷிகேஷ் போறோம்... ராஃப்டிங் பண்றோம்!' என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். உடனே ஆறு பேர் கை தூக்குவார்கள். அடுத்த வாரம் ஒருத்தருக்கு மச்சினிச்சி கல்யாணம், இன்னொருத்தருக்கு ஆடிட்டிங். மிச்சம் நாலு பேர். அதில் மூணு பேருக்கு நீச்சல் தெரியாது. தெரிந்த அந்த நாலாவது ஆசாமி கற்றுக்கொண்டது ஊர்க் கிணற்றில்!

பரவாயில்லை, தாராளமாகப் போகலாம். ஆனால், டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் ராத்திரி பகலாக பிளான் போடுகிறவர்கள், ஆற்றை மட்டும் 'அங்கே போய்ப் பாத்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் வம்பு.

முதலில் காலண்டர்!

பத்ரிநாத் பக்கமிருந்து வரும் அலக்நந்தாவும், கங்கோத்ரி பக்கமிருந்து வரும் பாகீரதியும் தேவப்பிரயாகையில் சேர்ந்த பிறகுதான் கங்கை என்று பெயர். அதற்குக் கீழே கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 36 கிலோமீட்டர் தூரம்தான் துடுப்புக்காரர்களின் ராஜபாட்டை. செப்டம்பர் கடைசியிலிருந்து ஜூன் வரை சீஸன். ஜூலை, ஆகஸ்ட்டில் மழை வெள்ளம், ராஃப்டிங் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் ஐஸ்! நம்ம ஊர் உடம்புக்கு அக்டோபர், நவம்பர் அல்லது மார்ச், ஏப்ரல் உத்தமம்.

லீவு கணக்கையும் பார்த்துவிடுவோம். சென்னையிலிருந்து வியாழன் ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் சனி காலை டெல்லி. அங்கிருந்து ரோடு வழியாக ரிஷிகேஷ் சுமார் 240 கிலோமீட்டர். ஞாயிறு, திங்கள் ஆறு. திங்கள் ராத்திரி பஸ், செவ்வாய் ராத்திரி டெல்லியில் ரயில், வியாழன் காலை சென்னை. ஆக, நாலு நாள் லீவு. மேனேஜரிடம் 'பாட்டிக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்லத் தேவையில்லை. 'கங்கா ஸ்நானம் சார்' என்றால் புண்ணியமாகப் போகட்டும் என்று கையெழுத்துப் போடுவார்!

வருமான வரி மாதிரி...

ஆற்றின் வேகத்துக்கும் ஸ்லாப் உண்டு. ஒன்றிலிருந்து ஆறு வரை கிரேடு. ஒன்று, குளத்தில் காகிதக் கப்பல் விடுவது மாதிரி. மூன்று, அலை முகத்தில் அறையும். நான்கு, கைதேர்ந்த கைடு இல்லாமல் நினைத்தே பார்க்கக் கூடாது. ஆறு, உயிரோடு விளையாட்டு.

ரிஷிகேஷுக்கு மேலே சுமார் 16 கிலோமீட்டரில் சிவ்புரி. முதல் தடவை போகிறவர்கள் இங்கே படகு ஏறினால் போதும். 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்று பெயர் வைத்த சுழிப்புகள் வழியில் வரும். கௌடியாலாவிலிருந்து ஏறினால் 'தி வால்' என்று ஒரு நாலாம் நம்பர் ஆசாமி காத்திருக்கிறார். தண்ணீர் சுவர் மாதிரி எழும்பி, படகையே கவிழ்த்துவிடக் கூடியவர். அவரை இரண்டாவது டிரிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

பாகீரதியில் தெஹ்ரி அணையும் அதற்குக் கீழே கோட்டேஷ்வர் அணையும் உண்டு. மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால் ஆற்றின் மட்டம் மாறும். காலையில் உட்கார்ந்து பல் தேய்த்த பாறை, சாயங்காலம் காணாமல் போகலாம். ஜாக்கிரதை!

பேரம் பேசும் முன்...

'தலைக்கு எவ்வளவு?' என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். லைசென்ஸ் இருக்கா, கைடு தேர்ச்சி பெற்றவரா, கூடவே ஆளைக் காப்பாற்ற ஒரு கயாக் வருமா, கயிற்றுப் பை இருக்கா - இதையெல்லாம் முதலில் கேளுங்கள். 2018 ஜூனில் உத்தராகண்ட் ஹைகோர்ட், ஒழுங்கான விதிமுறை வகுக்கும்வரை ராஃப்டிங் கூடாது என்றே தடை போட்டது. நூறு ரூபாய் குறைத்து வாங்கிய சந்தோஷத்தில், பக்கிள் உடைந்த லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஜாக்கெட்டுக்கு ஒரு சுலபமான டெஸ்ட். பின்னாலிருந்து நண்பரை விட்டுத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் லூஸ்! இறுக்குங்கள். தலைக்கு ஹெல்மெட். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும். ஹவாய் செருப்பு வேண்டாம், கங்கை கேட்காமலே எடுத்துக்கொள்ளும். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். முதல் நாள் ராத்திரி 'தண்ணி' அடித்துவிட்டு மறுநாள் தண்ணீரில் இறங்குவது மகா முட்டாள்தனம்.

விழுந்தால்?

விழுவீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பயப்படாமல் மல்லாந்து படுங்கள். கால் இரண்டும் ஆறு ஓடுகிற பக்கம், விரல்கள் தண்ணீருக்கு மேலே. பாறை வந்தால் காலால் உதைத்துத் தள்ளலாம். வேகமான தண்ணீரில் எழுந்து நிற்க மட்டும் முயற்சிக்காதீர்கள். இடுப்பளவுதானே என்று நின்றால், கால் பாறை இடுக்கில் மாட்டும். பின்னாலிருந்து வரும் வேகம் ஆளை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். ஆற்றில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் போவது இப்படித்தான். கயிறு வீசினால் பையைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடியுங்கள்.

ஆற்றையும் கொஞ்சம் படிக்கலாம். 'வி' எழுத்தின் அகலமான வாய் உங்கள் பக்கமும் கூர் அந்தப் பக்கமும் இருந்தால் வழி திறந்திருக்கிறது. கூர் உங்களைக் குத்துவது மாதிரி இருந்தால் அடியில் பாறை!

'பயமா இருக்குப்பா!'

கிளம்புகிற காலையில் ஒருத்தர் மெதுவாக இப்படிச் சொல்வார். தயவுசெய்து கேலி பண்ணாதீர்கள். 'என்னடா, பொட்டச்சி மாதிரி...' என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து படகேறுகிறவர், துடுப்பு போட வேண்டிய நேரத்தில் உறைந்துபோவார். அது அவருக்கும் ஆபத்து, மற்றவர்களுக்கும் ஆபத்து. அவர் கரையோடு ஜீப்பில் வந்து கீழே காத்திருக்கட்டும், சூடா டீ வாங்கி வைப்பார்!

எவரெஸ்ட்டில் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1977-ல் கங்காசாகரிலிருந்து ஜெட் படகில் கங்கையை எதிர்த்து ஏறி வந்தார். நந்தப்பிரயாகைக்குப் பக்கத்தில் ஓர் அருவி குறுக்கே நின்றது. படகுப் பயணத்தை அங்கேயே முடித்துக்கொண்டார். அவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லையே!

காமர்ஸ் படித்தவன் என்பதால் கடைசியாக ஒரு கணக்கு. டிரிப் முடிந்ததும் செலவில் பத்து இருபது உதைக்கலாம், யார் டீக்குக் காசு கொடுத்தது என்று சண்டை வரலாம். பாதகமில்லை. போன தலைகளும் வந்த தலைகளும் டாலி ஆனால் போதும்!