புனித தோமையர் கல்லூரியின் பழைய மாணவர்களும் இலங்கை அரசியலும்

கல்கிசை புனித தோமையர் கல்லூரி இலங்கையின் பழைமையான ஆங்கிலிக்கன் பள்ளிகளில் ஒன்று. கொழும்பின் முதலாவது ஆங்கிலிக்கன் ஆயரான ஜேம்ஸ் சாப்மன் இதனை 1851 பெப்ரவரி 3 ஆம் நாள் முகத்துவாரத்தில் தொடங்கினார். 1918 இல் பள்ளி கல்கிசைக் கடற்கரைக்கு இடம்பெயர்ந்தது. டி. எஸ். சேனநாயக்க, அவருடைய மகன் டட்லி சேனநாயக்க, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, விஜயானந்த தகநாயக்க என நான்கு பிரதமர்கள் இங்கு பயின்றவர்கள். தமிழரின் அரசியல் வரலாற்றில் இப்பள்ளி இடம்பெறக் காரணம் ஐந்தாவது ஒருவர்: இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவிய சா. ஜே. வே. செல்வநாயகம்.

செல்வநாயகம் 1898 மார்ச் 31 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரியிலும் படித்த பின்னரே முகத்துவாரத்திற்கு வந்தார். அவரைவிட ஒரு வயது இளையவரான பண்டாரநாயக்க அங்கு அவருடைய சமகால மாணவர். இருவரின் பின்னணியும் வேறு. பண்டாரநாயக்கவின் தந்தை ஆங்கிலேய ஆட்சியில் மகா முதலியார். மகன் வீட்டில் ஆசிரியர் வைத்துப் படித்துவிட்டுப் பள்ளிக்கு வந்து, பின்னர் ஆக்சுபோர்டு சென்றார். செல்வநாயகம் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் பெற்று, தாம் படித்த அதே பள்ளியில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். நோயுற்ற தம்பியைப் பார்க்க விடுப்புக் கிடைக்காததால் அப்பணியை விட்டு விலகினார். பிறகு வெசுலிக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே சட்டம் படித்தார். பண்டாரநாயக்க பின்னாளில் பௌத்தரானார். செல்வநாயகமோ இறுதிவரை கிறித்தவராகவே இருந்து, பெரும்பாலும் சைவர்களான ஒரு மக்களுக்குத் தலைவரானார்.

பழைய தோமியர்களுக்கிடையிலான முதல் பெரிய மோதல் குடியுரிமையை ஒட்டி எழுந்தது. டி. எஸ். சேனநாயக்க அரசின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தமிழ்க் காங்கிரசு அந்த அரசில் சேர்ந்ததை ஏற்காத செல்வநாயகம் கட்சியிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பர் 18 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

அடுத்தது மொழி. 1956 இல் பிரதமரான பண்டாரநாயக்க சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். சூன் 5 ஆம் நாள் காலிமுகத்திடலில் அறப்போர் நடத்திய தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டனர். ஆயினும் ஓராண்டுக்குப் பின், 1957 சூலை 26 இல், இருவரும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அதுவே பண்டா–செல்வா ஒப்பந்தம். வடக்கிற்கு ஒன்றும் கிழக்கிற்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவையுமாகப் பிராந்திய சபைகள், அவை மாகாண எல்லை தாண்டியும் இணைய வாய்ப்பு, வேளாண்மை, கல்வி, காணி, குடியேற்றம் முதலியவற்றில் அதிகாரம், வடக்கு கிழக்கில் தமிழில் நிருவாகம் என்பன அதன் சாரம். கூட்டாட்சி கேட்டவர்களுக்கு இது குறைவு. தனிச் சிங்களம் கேட்டவர்களுக்கு இது மிகுதி. எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பியது. 1958 ஏப்ரல் 9 இல் பௌத்த பிக்குகள் பிரதமரின் வீட்டு முன் அமர்ந்து போராட, அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் தமிழருக்கெதிரான பெருங்கலவரம் வெடித்தது. மறு ஆண்டு பண்டாரநாயக்க ஒரு பிக்குவால் சுடப்பட்டு இறந்தார். அவருக்குப் பின் சில மாதங்கள் பிரதமராக இருந்த தகநாயக்கவும் தோமியரே.

பண்டாரநாயக்க தம் ஒப்பந்தத்தை உண்மையாகவே நிறைவேற்ற விரும்பினாரா என்பது இன்றும் வாதத்திற்குரியது. அதற்கான சட்டத்தை விரைவாக நாடாளுமன்றத்திற்குக் கொண்டுவராமல் மாதங்களைக் கடத்தியது மட்டும் மறுக்க முடியாதது.

இரண்டாவது ஒப்பந்தத்திலும் மறுபக்கத்தில் இருந்தவர் ஒரு தோமியர்தான். பள்ளியின் துடுப்பாட்ட அணித் தலைவராக இருந்த டட்லி சேனநாயக்க, 1965 தேர்தலில் 66 இடங்களே வென்றிருந்தார். ஆட்சி அமைக்கத் தமிழரசுக் கட்சியின் 14 இடங்கள் தேவைப்பட்டன. மார்ச் 24 இல் கையெழுத்தான டட்லி–செல்வா ஒப்பந்தம், பிராந்திய சபைகளுக்குப் பதிலாக மாவட்ட சபைகளை மட்டுமே பேசியது. குடியேற்றத் திட்டங்களில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றோருக்கு முதலிடம் என்பதும் அதில் அடங்கும். தமிழ்மொழி ஒழுங்குவிதிகள் 1966 இல் நிறைவேறின. ஆனால் மாவட்ட சபைச் சட்டமூலம் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்ததால் கைவிடப்பட்டது. 1968 இல் தமிழரசுக் கட்சி அரசிலிருந்து வெளியேறியது.

ஒரே பள்ளி, ஒரே ஆங்கிலக் கல்வி என்பது இவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து பேச உதவியிருக்கலாம். மேசைக்கு வெளியே இருந்த வாக்காளரோ அப்பள்ளியின் வாசலை மிதிக்காதவர்கள். 1976 மே 14 இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறிய மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர் செல்வநாயகம். 1977 ஏப்ரல் 26 இல் அவர் காலமானார்.