பெட்டிச் சோறு – 6: ஓரம் கொதிக்கும், நடு விறைக்கும்

பாலக் பனீருக்கும் வெஜிடபிள் பிரியாணிக்கும் இந்த வாரம் மார்க் போடுவதாகப் போன இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். போடலாம், அவசரமில்லை. அதற்கு முன்னால் பனிக்கட்டியைப் பற்றி ஒரு சங்கதி. ஒரு வாரமாக அதைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. கட்டுரை எங்கே என்று ஆசிரியர் அனுப்பும் நினைவூட்டல்களும் ஏறவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக: நியூ ஜெர்சியில் ஓர் அலுவலகம், மதியத்துக்கு ஃப்ரீசர் பெட்டிச் சாப்பாடு, பேன்ட்ரியில் ஒரு மைக்ரோவேவ், கடைசியில் தீர்ப்பு. மைக்ரோவேவ் அடுப்பைக் கண்டுபிடித்த பெர்சி ஸ்பென்சரின் பாக்கெட்டில் மிட்டாய் உருகியது, ஸ்வான்சன் கம்பெனி வான்கோழியை அலுமினியத் தட்டில் அடைத்து விற்றது எல்லாம் பழைய அத்தியாயங்கள். மறுபடி சொல்ல இடமில்லை.

சங்கதிக்கு வருகிறேன். மைக்ரோவேவ் அடுப்புக்குப் பனிக்கட்டியைச் சூடாக்கத் தெரியாது.

ஃப்ரீசரில் கல்லாக இறுகிய சாப்பாட்டை உருக்குவதற்கென்றே நாம் வாங்கி வைத்திருக்கும் யந்திரம், பனிக்கட்டியைக் கண்டால் கையைப் பிசைகிறது. சந்தேகம் இருந்தால் ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த, மேலே ஈரமில்லாத ஐஸ் கட்டி ஒன்றைத் தட்டில் வையுங்கள், பக்கத்தில் அரை டம்ளர் தண்ணீர் வையுங்கள், ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சுடும். ஐஸ் பெரும்பாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். கொஞ்சம் உருகியிருந்தால் அதன் மேல்தோலில் ஏற்கெனவே ஈரம் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

காரணம் எளிது. தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் பாசிட்டிவ், மறு பக்கம் நெகட்டிவ். அடுப்புக்குள் பாயும் அலை நொடிக்கு 245 கோடி தடவை முன்னும் பின்னுமாகத் திசை மாறுகிறது. மூலக்கூறு ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறது, பக்கத்தில் இருப்பதோடு மோதுகிறது, அந்த மோதல்தான் சூடு. பனிக்கட்டியிலும் அதே மூலக்கூறுதான். ஆனால் படிகமாக இறுகி, ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதால் திரும்ப வழியில்லை. அலை அதன் வழியாகச் சும்மா புகுந்து வெளியே போய்விடுகிறது. தண்ணீர் உறிஞ்சுகிற சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட ஐஸ் உறிஞ்சுவதில்லை.

இதைப் படித்துக்கொண்டே போனவன் அண்டார்டிகாவில் போய் நின்றேன். முதல் வாரமே சொன்னேன், மைக்ரோவேவ் அடுப்பு ராடாரின் பிள்ளை என்று. கிரீன்லாந்துக்கும் அண்டார்டிகாவுக்கும் மேலே பறந்த விமானங்களில் ராடார் உயரமானி வைத்திருந்தார்கள். கீழே அலையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உயரம் சொல்லும் கருவி. பனிப் பரப்புக்கு மேல் அது தாறுமாறாகப் பொய் சொன்னது. விமானம் இருக்கிற உயரத்தைவிட எத்தனையோ அதிகமாகக் காட்டியது. அலை பனியின் மேல்பரப்பில் நிற்காமல், அதை ஊடுருவி அடியில் இருக்கும் பாறை வரை போய்த் திரும்பியிருக்கிறது! பனி மூடிய இடத்தில் தாழப் பறக்கிறவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. விஞ்ஞானிகளுக்கோ வாராது வந்த மாமணி. பொய் சொல்கிற கருவியையே பனியின் ஆழத்தை அளக்கிற கருவியாகத் திருப்பிவிட்டார்கள். கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் பனிக்கு அடியில் உறையாமல் கிடக்கும் வோஸ்டாக் ஏரியை அப்படித்தான் மோப்பம் பிடித்தார்கள். அந்த அலை நம் அடுப்பின் அலையைவிட நீளமானது. பனியை மதிக்காத குணம் மட்டும் இரண்டுக்கும் ஒன்று.

அண்டார்டிகாவிலிருந்து பேன்ட்ரிக்குத் திரும்புவோம்.

பெட்டியை உள்ளே வைத்துப் பொத்தானை அமுக்கியதும் நடப்பது இதுதான். எங்கோ ஒரு மூலையில் துளி ஐஸ் உருகித் தண்ணீராகிறது. அந்தத் துளி சுற்றியிருக்கும் பனியைவிடப் பன்மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கிறது. பக்கத்துப் பனி உருகுகிறது, தண்ணீர் கூடுகிறது, இன்னும் இழுக்கிறது. பணம் பணத்தோடு சேரும் என்பார்களே, சூடும் அப்படித்தான். ஏற்கெனவே உருகிய இடம் கொதிக்கிறது, உறைந்த இடம் உறைந்தே கிடக்கிறது. அதுவும் மூலை என்றால் இரண்டு மூன்று பக்கத்திலிருந்து அலை வந்து சேரும். முதலில் உருகுகிறவன் எப்போதும் மூலைக்காரன்தான். மைக்ரோவேவ் உள்ளேயிருந்து வெளியே சமைக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அலை ஓரிரு அங்குலம் போவதற்குள் சோர்ந்துவிடும்.

இதில் உப்புக்கும் ஒரு பங்கு உண்டு. உப்பும் மசாலாவும் கலந்த கிரேவி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரிலும் முழுக்க உறைவதில்லை. இடுக்குகளில் கொஞ்சம் உப்புநீர் திரவமாகவே ஒளிந்திருக்கும். அலைக்கு முதல் பிடி அங்கேதான் கிடைக்கிறது. சோற்றுப் பக்கம் விறைத்திருக்க, குழம்புப் பக்கம் முந்திக்கொண்டு கொதிப்பதற்கு அந்த ஒளிந்திருக்கும் நீரும் ஒரு காரணம். (பெட்டிக்காரர்கள் உப்பை அள்ளிப் போடுவது இதற்காக அல்ல. ஒரு நாளைக்கு 2300 மில்லிகிராம் சோடியம்தான் வரம்பு என்கிறது அமெரிக்க அரசு. பல பெட்டிகளில் அதில் கால்பங்குக்கு மேல் ஒரே வேளையில் உள்ளே போய்விடுகிறது. வாங்குமுன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.)

இந்த ஞானத்தோடு பேன்ட்ரிக்குப் போகும்போது கையில் ஊசி முனைத் தெர்மாமீட்டர் ஒன்றும் கொண்டுபோனேன். கறி உள்ளே வெந்ததா என்று குத்திப் பார்க்க அமெரிக்க வீடுகளில் வைத்திருப்பார்களே, அதுதான். மதுரைத் தம்பி ஒருவன் அப்போதுதான் தன் பாலக் பனீரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான்.

“என்னண்ணே, சாப்பாட்டுக்குக் காய்ச்சலா?”

“உன் பெட்டிக்குத்தான்டா. இங்க கொண்டா.”

கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு. நடுவில் ஒரு தடுப்பு, ஒரு பக்கம் சோறு, மறு பக்கம் கீரை. மேல் தாளை உரித்தால் மூலையில் கீரை குமிழ் விட்டுக்கொண்டிருக்கிறது, ஓரத்தில் பட்டது காய்ந்து கறுத்து ஒட்டியிருக்கிறது. மூலையில் குத்தினேன்: 93 டிகிரி. நடுவில் குத்தினேன், ஊசி இறங்கவில்லை. பனீர்த் துண்டுகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டி, மேலே வெள்ளைப் பூச்சோடு அப்படியே இருந்தன.

“சொன்ன நேரம் வச்சேண்ணே. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்.”

கம்பெனிக்காரன் ஏமாற்றவில்லை. பெட்டியின் முதுகில் எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறான். தாளில் துளையிடு, முதல் தவணை சூடாக்கு, தாளைத் தூக்கிக் கிளறு, மறுபடி சூடாக்கு, 2 நிமிடம் அப்படியே விடு. தம்பி இரண்டு தவணையையும் ஒன்றாகக் கூட்டி அமுக்கிவிட்டு வாட்ஸப் பார்க்கப் போய்விட்டான். கிளறுவது ருசிக்காக அல்ல. கொதிக்கிற ஓரத்தைக் கொண்டுபோய் உறைந்த நடுவின் மேல் கொட்டுவதற்காக. கடைசி 2 நிமிடமும் ஆறுவதற்காக அல்ல, சூடு ஓரத்திலிருந்து நடுவுக்கு நடந்து போய்ச் சேருவதற்காக. அந்த நேரத்தில் அடுப்பு ஓடவில்லையே தவிர, சமையல் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே எல்லா இடமும் 74 டிகிரி தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. கோழி, இறைச்சிப் பெட்டி வாங்குகிறவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பேன்ட்ரியில் யாரும் தொடாத பொத்தான் ஒன்று உண்டு: ‘பவர்’. அதை 50-இல் வைத்தால் அலை பாதி பலத்தோடு வரும் என்று நினைக்கிறோம். பெரும்பாலான அடுப்புகளில் அப்படி இல்லை. முழு பலத்தில் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு முழுசாக நிற்கும், மறுபடி ஓடும். காதைக் கொடுத்துக் கேட்டால் ‘ஊம்’ சத்தம் ஏறி இறங்குவது தெரியும். அது நிற்கிற இடைவெளிதான் பனிக்கட்டிக்குக் கிடைக்கிற நியாயம். உருகிய இடம் மேலும் கொழுக்காமல், தன் சூட்டைப் பக்கத்துக்குக் கொடுக்க அவகாசம். பாதி பவர், இரட்டை நேரம். வரிசையில் பின்னால் நிற்பவர் முறைப்பார், முறைக்கட்டும். இன்னொன்று: தட்டை நட்டநடுவில் வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அடுப்புக்குள் சூடு விழும் புள்ளிகளும் விழாத புள்ளிகளும் மாறி மாறி இருக்கும். சுழலும் தட்டின் மையம் மட்டும் இடம் மாறாமல் ஒரே இடத்தில் நின்று சுற்றும்.

பெட்டிச் சாப்பாடு என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு நடுவே ஒரு தகவல். 1969 ஜூலையில் நிலவில் கால் வைத்துத் திரும்பிய ஆம்ஸ்ட்ராங்கையும் ஆல்ட்ரினையும், கூடப் போன காலின்ஸையும் உடனே வீட்டுக்கு விடவில்லை. நிலவிலிருந்து கிருமி கொண்டுவந்திருந்தால் என்ன செய்வது? கப்பலில் வைத்திருந்த ஒரு வண்டிக்குள் அடைத்தார்கள். ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் சுற்றுலா வண்டியை மாற்றிக் கட்டிய தனிமை அறை அது. அதற்குள் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தது. தனிமை நாட்களில் அவர்களுக்குக் கிடைத்தது ஸ்டவ்ஃபர்ஸ் கம்பெனியின் உறைந்த சாப்பாடு. வாசலில் ஜன்னல் வழியாக அதிபர் நிக்சன் வாழ்த்துச் சொல்ல, உள்ளே பெட்டிச் சோறு. நிலவுக்குப் போனவனே அதைச் சாப்பிட்டிருக்கிறான், நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

சரி, மார்க்.

பாலக் பனீர்: 10க்கு 8. விதிப்படி கிளறிச் சூடாக்கியதற்கு இந்த மார்க், மதுரைத் தம்பியின் பெட்டிக்கு அல்ல. அரைத்த கீரை எங்கும் ஒரே பதம், கரண்டி விட்டால் சட்டென்று சூடு கலந்துவிடுகிறது. பனீரின் குணம் அதைவிட உசத்தி. எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்த பால் என்பதால், பீட்சா சீஸ் மாதிரி உருகி ஓடாது, எத்தனை சூட்டிலும் துண்டு துண்டாகவே நிற்கும். சூடு மிஞ்சினால் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். 2 மார்க் எங்கே போயிற்று என்றால், பச்சை மிளகாய் என்று பெட்டியில் எழுதியிருந்ததைத் தவிர வேறெங்கும் அதைக் காணவில்லை.

சன்னா மசாலா: 7½. கொண்டைக்கடலை உறைந்து உருகினாலும் உடையாத ஜாதி. கிரேவியில் புளிப்பு சரி, இஞ்சி போதாது.

சமோசா: 3. அடுப்புக்குள் காற்று சூடாவதில்லை. உள்ளே உருளைக்கிழங்கிலிருந்து கிளம்பும் ஆவி மேல்தோலில் வந்து ஈரமாக உட்கார்ந்துகொள்கிறது. சில கம்பெனிகள் உள்ளே சாம்பல் நிறத்தில் பளபளக்கும் அட்டை உறை ஒன்று தருகின்றன. அதில் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. அலையை உறிஞ்சித் தோசைக்கல் சூட்டுக்குப் போய், ஒட்டியிருக்கும் பக்கத்தைப் பொரிக்கும். அந்த உறை இல்லாத சமோசாவை வாங்காதீர்கள். உறை இருந்தால் அதைக் குப்பையில் போட்டுவிட்டுச் சூடாக்காதீர்கள்.

சாலிஸ்பரி ஸ்டேக், அதாவது கொத்துக்கறியை அடை போலத் தட்டி மேலே சாறு ஊற்றிய அமெரிக்கப் பழைய சரக்கு: 4. ருசியில் குற்றமில்லை. ஆனால் கட்டியாக ஒரே துண்டு. அதை எப்படிக் கிளறுவது?

இந்த வாரம் எனக்குத் தெளிந்தது இதுதான். எது கிளற வருமோ அது பெட்டியில் பிழைக்கும். சமையல்காரரின் கைமணம், கம்பெனியின் பெயர், பெட்டியின் மேல் அச்சடித்த படம் எல்லாம் அப்புறம். இந்தக் கணக்கில் பார்த்தால் வறுத்த கறித் துண்டும் அடுக்கு லசான்யாவும் சாப்பிடுகிற ஊர் கண்டுபிடித்த யந்திரம், கூட்டும் குழம்பும் சாப்பிடுகிற ஊருக்குத்தான் அளவெடுத்துத் தைத்ததாக இருக்கிறது. ஒரு மோர்க்குழம்பு, ஒரு பருப்புக் கூட்டு, தட்டையான தட்டில் உறைய வைத்து யாராவது கொடுத்தால் 9 மார்க் தயாராக வைத்திருக்கிறேன். மோர்க்குழம்பு திரிந்துபோகுமே என்கிறீர்களா? போகலாம். அதையும் ஒரு வாரம் பார்த்துவிடலாம்.

வெஜிடபிள் பிரியாணி என்னவாயிற்று என்று கேட்பது காதில் விழுகிறது. பக்கம் தீர்ந்துவிட்டது. அது அடுத்த வாரம், நிச்சயம். அதுவரை ஒன்றை யோசித்து வையுங்கள். மிஞ்சிய சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் விறைத்துப்போகிறது. அதைவிடக் குளிரான ஃப்ரீசரில் வைத்துச் சூடாக்கிய சோறு பதமாக வருகிறது. குளிர் கூடினால் விறைப்பும் கூட வேண்டாமா? பிரியாணியின் மார்க் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.