இணைய மோடமும் கணினி உறைதலும்

கணினி உறைதல் என்பது இயங்கிக்கொண்டிருக்கும் கணினி விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் பதில் தராமல் நின்றுவிடும் நிலை. பேச்சு வழக்கில் இதை 'ஹேங் ஆகிவிட்டது' என்பார்கள். இணையம் இணைந்திருக்கும்போது மட்டும் கணினி உறைந்து, இணைப்பைத் துண்டித்தால் சரியாக ஓடினால், மோடம், அதன் கம்பி, அதன் இயக்கி மென்பொருள், அதன் மின்சாரம் ஆகிய நான்கில் ஒன்றில் கோளாறு இருக்க வாய்ப்புண்டு. மழையும் இடியும் கடற்காற்றும் மிகுந்த புதுச்சேரி போன்ற கடலோர நகரங்களில் இக்கோளாறுகளுக்கு இடம் அதிகம். இக்கட்டுரை அவற்றின் காரணங்களையும், வீட்டிலேயே கண்டறியும் முறையையும் விளக்குகிறது.

மோடம் செய்யும் வேலை

கணினி அறிந்தது 0, 1 என்னும் இரு எண்களை மட்டுமே. தொலைபேசிக் கம்பியில் செல்வதோ அலை வடிவிலான குறிகை. எண்களை அலையில் ஏற்றுவது பண்பேற்றம். அலையிலிருந்து எண்களைப் பிரித்தெடுப்பது பண்பிறக்கம். இவ்விரண்டையும் செய்யும் கருவியே மோடம். தமிழில் இதனை இணக்கி என்றும் குறிப்பிடுவர்.

ஏடிஎஸ்எல் எனப்படும் அகலப்பட்டை முறையில் ஒரே செம்புக் கம்பியில் பேச்சும் தரவும் சேர்ந்து செல்கின்றன. பேச்சுக்கு 4 கிலோ ஹெர்ட்சுக்குக் கீழான பகுதி போதும். அதற்கு மேல் ஏறத்தாழ 1.1 மெகா ஹெர்ட்சு வரையிலான பகுதியில் தரவு செல்கிறது. பின்னர் வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ் முறையில் இவ்வெல்லை 2.2 மெகா ஹெர்ட்சு வரை நீண்டது. பேச்சையும் தரவையும் பிரிக்கவே சுவரருகே 'ஸ்பிளிட்டர்' என்னும் சிறு பெட்டி பொருத்தப்படுகிறது. ஒளியிழை இணைப்பில் செம்புக் கம்பியின் இடத்தில் கண்ணாடி இழையும், மோடத்தின் இடத்தில் ஓஎன்டி எனப்படும் ஒளியிழை முனையக் கருவியும் இருக்கும். மக்கள் அதையும் மோடம் என்றே அழைக்கிறார்கள்.

புதுச்சேரியும் இணையமும்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அக்காலத்தில் தொலைபேசி எண்ணைச் சுழற்றியே இணையத்தில் நுழைய வேண்டும். பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனம் 2000 அக்டோபர் 1 அன்று செயல்படத் தொடங்கியது. அதன் அகலப்பட்டைச் சேவை 2005ஆம் ஆண்டில் வந்தது. 2004ஆம் ஆண்டின் இந்திய அகலப்பட்டைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என வரையறுத்தது.

புதுச்சேரி வட்டாரத்தில் நடந்த முன்னோடி முயற்சி ஒன்று இங்கு நினைவுகூரத் தக்கது. 1998ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. சிற்றூர்களின் தகவல் மையங்களை இணைக்கத் தொலைபேசிக் கம்பியோடு இருவழி வானொலி அலையும் பயன்பட்டது. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகள் வைக்கப்பட்டன. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் பற்றிய செய்தி இணையத்திலிருந்து எடுக்கப்பட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. அங்கே கணினி நின்றுபோனால், கடலுக்குச் செல்வோருக்குச் செய்தி போய்ச் சேராது. ஒரு கணினியை நம்பத்தக்கதாக ஆக்குவதில் மின்சாரத்துக்கும் கம்பிக்கும் கணினிக்கு நிகரான பங்கு உண்டு என்பதற்கு இத்திட்டம் நல்ல சான்று.

இன்று அந்த இடத்தில் மாணவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் உயர்கல்விச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பம் இணையம் வழியே நிரப்பப்படுகிறது. கடைசி நாளில் பாதிப் படிவத்தில் கணினி உறைந்தால் ஓராண்டுப் படிப்பே கேள்விக்குறி ஆகலாம்.

உண்மையான உறைதலும் காத்திருப்பும்

முதலில் உறைந்தது கணினியா, இணையம்தானா என்று தெரிய வேண்டும். இதற்கு எளிய சோதனை, விசைப்பலகையின் கேப்ஸ் லாக் விசையை அழுத்துவது. விளக்கு எரிந்து அணைந்தால் இயங்குதளம் உயிரோடு இருக்கிறது. ஏதோ ஒரு நிரல் மட்டும் காத்து நிற்கிறது. விளக்கு மாறாமல், சுட்டியும் அசையாமல், கடிகாரமும் நின்றிருந்தால் அது பெரும்பாலும் முழு உறைதல்.

காத்திருப்பு எப்படி உறைதல் போலத் தோன்றுகிறது? ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டியதும், அப்பெயருக்குரிய எண் முகவரியை டிஎன்எஸ் வழங்கியிடம் கணினி கேட்கிறது. பல வீடுகளில் இக்கேள்வியை மோடமே வாங்கி மேலே அனுப்புகிறது. மோடம் திணறினால் ஒவ்வொரு கேள்விக்கும் பல நொடிகள் பதில் வராது. பதில் வரும்வரை வேறு எதையும் செய்யாதபடி எழுதப்பட்ட நிரல், 'பதிலளிக்கவில்லை' என்ற அறிவிப்புடன் வெளுத்து நிற்கும். வலையமைப்பில் உள்ள கோப்புறையை அல்லது அச்சுப்பொறியைத் தேடும்போதும் இதே நிலை ஏற்படும்.

பழைய நகரப்பகுதி வீடுகளின் தடித்த செங்கற்சுவர்கள் வைஃபை அலையை வலுவிழக்கச் செய்யும். அதனால் இணையம் மெதுவாகும், அறுபடும். ஆனால் கணினி முழுவதும் உறைவதற்கு அது நேரடிக் காரணம் ஆவதில்லை.

முழு உறைதலுக்கான காரணங்கள்

1. இயக்கி மென்பொருள்: மோடத்தையோ வலையமைப்பு அட்டையையோ இயங்குதளத்துடன் பேசவைக்கும் நிரல் இயக்கி எனப்படும். இது இயங்குதளத்தின் உட்கருவிலேயே ஓடுவதால், அதில் பிழை நேர்ந்தால் முழுக் கணினியும் நிற்கும் அல்லது நீலத்திரை தோன்றும். யுஎஸ்பி மோடங்களில் இது அதிகம். மேலும் 32 பிட் இயங்குதளத்துக்கு எழுதிய இயக்கி 64 பிட் விண்டோஸில் ஏறாது. பழைய மோடத்தைப் புதிய கணினியில் பொருத்துவோர் இதை மறந்துவிடுவதுண்டு.

2. கணினியின் உழைப்பைத் தின்னும் மோடம்: 1990களின் இறுதியில் வந்த மலிவான உள்மோடங்கள் பண்பேற்றக் கணக்குகளைத் தாமே செய்யாமல் கணினியின் செயலியிடம் தள்ளிவிட்டன. வின்மோடம் என்று பெயர் பெற்ற இவை, வலுக்குறைந்த செயலிகளை எளிதில் திணறவைத்தன.

3. மின்சாரம்: பழைய யுஎஸ்பி 2.0 துளை ஒன்று தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் இழுக்கும் கருவி தானும் நிற்கும், சில வேளைகளில் கணினியையும் நிறுத்தும். தனி அடாப்டர் உள்ள மோடமானால், அடாப்டரின் மின்தேக்கி வெப்பத்தில் வறண்டு, 12 வோல்ட் தரவேண்டிய இடத்தில் குறைவாகத் தரும். மோடம் அடிக்கடி அணைந்து எரியும்.

4. நில இணைப்பும் மின்னலும்: ஈதர்நெட் துளைக்குள் ஒரு சிறு மின்மாற்றி உண்டு, அது மோடத்தையும் கணினியையும் மின்சார அளவில் பிரித்து வைக்கிறது. யுஎஸ்பியில் அப்படிப்பட்ட தடுப்பு இல்லை. வீட்டின் எர்த் சரியில்லாதபோது யுஎஸ்பி கம்பி வழியே தேவையற்ற மின்னோட்டம் பாய்ந்து கணினியைக் குழப்பும். அருகில் இடி விழுந்தால் தொலைபேசிக் கம்பி வழியே மின்னெழுச்சி மோடத்துக்கும், அங்கிருந்து தாய்ப்பலகைக்கும் செல்லலாம். அப்படிப் பாதி பழுதான துளை வேலை செய்வதுபோல் இருந்தே இடையிடையே கணினியை உறையவைக்கும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஒளியிழை இணைப்பில் தொலைபேசிக் கம்பி என்னும் வழி அடைபடுகிறது. மின்கம்பி வழியே வரும் ஆபத்து அப்படியே இருக்கும்.

5. தீநிரல்: மோடம் குற்றமற்றதாக இருந்து, அது திறந்துவிட்ட வழியே வந்தது கெடுத்திருக்கலாம். 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு, இணையத்தில் இணைந்த விண்டோஸ் கணினிகளை ஒரு நிமிட எச்சரிக்கையுடன் தானாகவே மறுதொடக்கம் செய்யவைத்தது. மோடத்தை நேரடியாகக் கணினியோடு இணைத்தோர் எளிதில் சிக்கினர். திசைவியாக இயங்கும் மோடத்தின் பின்னால் இருந்தோருக்கு வெளியிலிருந்து வரும் தாக்குதல் குறைந்தது.

6. பின்னணிப் பணிகள்: இணையம் கிடைத்த உடனே இயங்குதளப் புதுப்பிப்பும் நச்சுநிரல் தடுப்பானும் ஒரே நேரத்தில் தரவிறக்கம் செய்யத் தொடங்கும். நினைவகம் குறைந்த கணினியில் இது மோடம் செய்த உறைதல் போலவே தெரியும்.

கண்டறியும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே இதில் முதல் விதி. இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது.

படி 1: ஒரு தாளில், உறைந்த நேரம், அப்போது திறந்திருந்த நிரல், மோடத்தின் விளக்குகள் இருந்த நிலை, மழை அல்லது மின்தடை இருந்ததா என்பதைக் குறித்துக்கொள்ளவும். நாலைந்து குறிப்புகள் சேர்ந்ததும் ஒழுங்கு ஒன்று புலப்படலாம். பிற்பகலில் மட்டும் என்றால் வெப்பம், மழைக்குப் பின் மட்டும் என்றால் கம்பி இணைப்பு என்று ஐயம் கொள்ளலாம்.

படி 2: உறைந்திருக்கும்போதே கணினியின் வலையமைப்புக் கம்பியைக் கழற்றவும். சில நொடிகளில் கணினி உயிர்பெற்றால் கோளாறு வலையமைப்புப் பக்கம். பெறாவிட்டால் முழு உறைதலாக இருக்கலாம். ஒருமுறை தற்செயலாக நடக்கும். மூன்று முறை பார்த்த பின்னரே முடிவுக்கு வரவேண்டும்.

படி 3: கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் மூலம் ஒரு நாள் முழுவதும் இணையத்தைப் பயன்படுத்திப் பார்க்கவும். அப்போதும் உறைந்தால் மோடத்தைக் குற்றம் சொல்ல வழியில்லை. நினைவகம், வன்தட்டு, வெப்பம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். உறையவில்லை என்றால் அதே மோடத்தை வைஃபை வழியே பயன்படுத்தவும். வைஃபையில் சரியாக ஓடிக் கம்பியில் மட்டும் உறைந்தால் கம்பி, துளை, வலையமைப்பு அட்டையின் இயக்கி ஆகிய மூன்றில் ஒன்றே காரணம்.

படி 4: கட்டளைச் சாளரத்தில் மோடத்தின் முகவரிக்குப் பிங் அனுப்பவும். பல மோடங்களில் இது 192.168.1.1 ஆக இருக்கும். மோடம் பதில் தந்து வெளித்தளம் தராவிட்டால் கோளாறு வீட்டுக்கு வெளியே இருக்கலாம். மோடமே பதில் தராவிட்டால் அதன் அடாப்டரை, அதே வோல்ட்டும் அதே முனைத்திசையும் குறையாத ஆம்பியரும் உள்ள வேறொன்றால் மாற்றிப் பார்க்கவும்.

படி 5: மோடத்தின் நிலைப் பக்கத்தைத் திறந்து பார்க்கவும். ஏடிஎஸ்எல் இணைப்பில் இரைச்சல் விளிம்பு 6 டெசிபெலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு அடிக்கடி அறுபடும். ஒளியிழையில் வந்துசேரும் ஒளியின் அளவு பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரைக்குள் இருக்க வேண்டும். சிவப்பு நிறத்தில் லாஸ் விளக்கு எரிந்தால் ஒளி வரவே இல்லை என்று பொருள்.

படி 6: விண்டோஸில் நிகழ்வு காட்டியைத் திறந்து, உறைந்த நேரத்துக்கு முன் பதிவான பிழைகளைப் படி 1இன் தாளோடு ஒப்பிடவும். வலையமைப்பு இயக்கியின் பெயர் மீண்டும் மீண்டும் வந்தால், அதை நீக்கிவிட்டுக் கணினி அல்லது அட்டை உற்பத்தியாளரின் தளத்திலிருந்து உரிய பதிப்பை நிறுவவும். சாதன மேலாளரில், மின்சேமிப்புக்காக வலையமைப்பு அட்டையை அணைக்கும் அனுமதியையும் எடுத்துவிட்டுப் பார்க்கலாம்.

படி 7: யுஎஸ்பி குச்சியிலிருந்து லினக்ஸை இயக்கி அதே மோடத்தில் வேலை செய்யவும். அதில் உறையாவிட்டால் மென்பொருளே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதிலும் உறைந்தால் வன்பொருளை ஐயுறலாம்.

சரிசெய்த பின், பழைய கம்பியையோ அடாப்டரையோ மீண்டும் ஒருமுறை பொருத்திப் பார்ப்பது நல்லது. கோளாறு திரும்பி வந்தால்தான் காரணம் உறுதியாகிறது.

மழைக்காலப் பாதுகாப்பு

புதுச்சேரிக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இவ்வட்டாரத்தில் கரையைக் கடந்தன. உப்புக் காற்றில் செம்பு இணைப்புகள் பச்சை பூத்து அரிக்கப்படும். தொலைபேசிக் கம்பியில் கரகரப்பு கேட்டால் அது தரவுக்கும் இடையூறு. அந்நிலையில் ஒட்டுப்போட்ட இணைப்பைப் புதிதாக மாற்றச் சொல்ல வேண்டும்.

இடி இடிப்பதற்கு முன்பே மோடத்தின் மின்செருகியையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. இடி இடிக்கும்போது கம்பியைத் தொடக் கூடாது. வெள்ளம் புகுந்த வீட்டில் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்த பிறகே கணினியருகே செல்லலாம். கணினியின் மின்வழங்கிப் பெட்டியை வீட்டில் திறக்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மோடத்தைக் கணினிப் பெட்டியின் மேலோ யுபிஎஸ் மேலோ வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வைப்பது அதன் ஆயுளை நீட்டிக்கும்.

மாணவர்களுக்கு

இணைய விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு ஒதுக்காமல் முன்னரே தொடங்குவது நல்லது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேமித்து, விண்ணப்ப எண்ணைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். சான்றிதழ்களின் படிகளைக் கணினியிலும் கைப்பேசியிலும் ஒருசேர வைத்திருந்தால், கணினி உறைந்தாலும் கைப்பேசியில் தொடரலாம். பணம் செலுத்தும் பக்கத்தில் உறைந்துவிட்டால் உடனே மறுபடியும் செலுத்தக் கூடாது. வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா என்றும், விண்ணப்பத்தின் நிலை என்னவென்றும் பார்த்த பின்னரே அடுத்த முயற்சியில் இறங்க வேண்டும்.